ஏரி வற்றும்போது சேற்றில் படரும் குட்டைப் பூண்டுகள்: வழித்தெடுப்பதா, விட்டுவைப்பதா?

கேள்வி: செங்கை ஏரிப்பாசனத்தார்

வணக்கம். செங்கற்பட்டு மாவட்டத்தில் எங்கள் ஊர் ஏரியைப் பராமரிக்கும் விவசாயிகள் குழுவில் நானும் ஒருவன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் ஏரி, தை மாதம் வரை, உபரிநீர் வழிந்தோடும் கலங்கலின் மட்டத்தை ஒட்டியே நிற்கும். மாசி பிறந்ததும் மேற்கே வரத்துக்கால் வந்து சேரும் மேட்டுப் பக்கத்திலிருந்து நீர் வடியத் தொடங்கி, பங்குனிக் கடைசியில் கிழக்கே கரையடியில் உள்ள மதகுப் பள்ளத்தில் மட்டும் தேங்கி நிற்கும். நீர் பின்வாங்கிய ஓரிரு வாரங்களில் அந்தச் சேற்றின்மேல், விரல் உயரத்தைத் தாண்டாத ஒரு பசுமை படர்கிறது. கரைமேல் நின்று பார்த்தால் புல்தரை போலத் தெரியும். இறங்கிக் குனிந்து பார்த்தால் புல் குறைவாகவும், குட்டைக் கோரைகளும் தரையோடு ஒட்டிக் கிடக்கும் பூண்டுகளும் மிகுதியாகவும் இருக்கின்றன.

நேற்று மாலை ஓரடிச் சதுரமாக நான்கு குச்சிகளை நட்டு, அதற்குள் இருப்பவற்றை எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பெயர் தெரிந்தவை பொடுதலை, செருப்படை, ஆரைக்கீரை, கரிசலாங்கண்ணி ஆகிய நான்குதான். பெயர் தெரியாதவை ஏழு வகை இருந்தன. அவற்றுள் ஒன்று முழுமையாகப் பூத்துக் காய்த்த நிலையிலும் என் கட்டைவிரல் நகத்தின் அகலத்தைத் தாண்டவில்லை. சேறு வெடித்திருந்த இடங்களில், வெடிப்பின் இரு உதடுகளிலும் நாற்று விட்டாற்போல நாற்றுகள் வரிசையாக நின்றன.

இந்தக் கோடையில் ஏரியைத் தூர்வார அனுமதி கிடைத்திருக்கிறது. மேற்குப் பக்கத்தையும் சேர்த்து ஒரே சீராக மூன்றடி வழித்தெடுத்துவிடலாம் என்பது குழுவில் பெரும்பாலோரின் கருத்து. மாடு மேய்க்கும் பெரியவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டாம் என்கிறார்கள். காரணம் கேட்டால், "அது ஏரியின் தோல்" என்பதற்கு மேல் அவர்களுக்கு விளக்கத் தெரியவில்லை. இந்தப் பூண்டுகள் என்னென்ன? ஏழெட்டு மாதம் நீருக்கடியிலும் காய்ந்த கட்டாந்தரையாகவும் கிடக்கும் மண்ணில், ஒவ்வோர் ஆண்டும் இவை எங்கிருந்து வருகின்றன? மேல்மண்ணை எடுத்துவிட்டால் மீண்டும் வருமா? விவரம் தெரிந்தவர்கள் கூறினால் குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில் 1: தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு)

ஐயா, ஓரடிச் சதுரத்தில் பதினொரு வகைகளை எண்ணியிருக்கிறீர்கள் என்பதே உங்கள் ஏரியின் மேற்குப் பக்கம் நல்ல நிலையில் இருப்பதைக் காட்டுகிறது. பெயர் தெரியாத ஏழையும் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையன்று. ஆனால் நம் பகுதி ஏரி உள்வாய்களில், அதாவது கரைக்கு உட்புறம் நீர் பரவி நிற்கும் நிலத்தில், மாசி, பங்குனியில் வழக்கமாகக் காணப்படுபவை எவை என்று சொல்ல முடியும்.

நீர்விளிம்பை ஒட்டிய குழைசேற்றில் ஆரைக்கீரையும் குட்டைக் கோரைகளும் இருக்கும். சிறிது மேலே, கால் புதையாத ஈரமண்ணில், கசப்புக் கீரையாகச் சமைக்கும் திராய், செந்தண்டோடு நிமிர்ந்து நிற்கும் நீர்மேல்நெருப்பு, மஞ்சள் பொத்தான் போலப் பூக்கும் மாசிபத்திரி ஆகியவை வரும். மாசிபத்திரியின் தாவரவியல் பெயரிலேயே "மதராசப்பட்டினத்தது" என்று பொருள்படும் சொல் உள்ளது. நீர்மேல்நெருப்பைப் பெயர் தெரியாமல் கசக்கிவிடாதீர்கள். அதன் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும். இன்னும் மேலே, மண் இறுகி வெடிக்கும் பகுதியில், செருப்படையும் கொட்டைக்கரந்தையும் இடம் பிடிக்கும். செருப்படையின் இலையைப் புரட்டிப் பாருங்கள்: சுருக்கம் விழுந்து, அடிப்பகுதி ஒருபக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் கோணலாக இருக்கும்; தண்டு முழுவதும் மண்ணைத் தழுவிக் கிடப்பதால் மாட்டின் வாய்க்கு எளிதில் சிக்காது. ஊதா உருண்டையாகப் பூத்து மணக்கும் கொட்டைக்கரந்தையைத்தான், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்றவர்கள் சூடிய கரந்தை என்று பலரும் கொள்கின்றனர். மாடு மேயும் நிலத்துப் பூவை மாட்டை மீட்கப் போனவர்கள் சூடினார்கள் என்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலே, மழைக்காலத்திலும் சில நாட்களே நீர் ஏறும் விளிம்பில், பொடுதலையும் அறுகும் பாய் விரித்திருக்கும்.

இந்தப் பட்டைகள் நீர் வடிந்த வரிசைப்படியே அமைகின்றன. ஒவ்வொரு பட்டையும் ஒரு வாரத்து நீர்விளிம்பு எங்கே நின்றது என்பதன் பதிவு. மாட்டுக் குளம்படி ஒன்றைக் கவனித்தால் இதையே கையகலத்தில் காணலாம்: குழியின் அடியில் தேங்கிய நீரில் ஆரை, சுவரில் கோரை, விளிம்பில் திராய்.

இவை ஏன் குட்டையாக இருக்கின்றன என்பதற்கான விடையில்தான் உங்கள் மற்ற இரு கேள்விகளுக்கான விடையும் இருக்கிறது. நீர் நிற்கும் மாதங்களில் நிலத்துச் செடிகளும் புதர்களும் மூச்சடைத்து அழுகுகின்றன. நீர் வற்றிய மாதங்களில் அல்லியும் பாசியும் காய்ந்து போகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத ஈரமான வெற்றுச் சேறு சில வாரங்களுக்குக் கிடைக்கிறது. நிழல் தரும் போட்டியாளர் இல்லாதபோது உயரமாக வளர வேண்டிய தேவை இல்லை. ஈரம் வற்றுவதற்குள் விதை கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டுமே உண்டு. ஆகவே இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் முளைத்து, பூத்து, தூசி போன்ற விதைகளை ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிட்டு மடிகின்றன. பொடுதலையும் அறுகும் பல்லாண்டு வாழ்பவை. அவை தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

உதிர்ந்த விதைகள் மண்ணுக்குள் உறங்குகின்றன. வெளிச்சமும், இரவுக் குளிர்ச்சியும் பகல் வெப்பமும் மாறி மாறிப் படுவதும், நீர் விலகிக் காற்று புகுவதும் சேர்ந்தால்தான் அவை விழிக்கும். ஆரை பூவாத் தாவரமாதலால் விதைக்குப் பதிலாகக் கடினமான வித்துப்பைகளை விடுகிறது. அவை காய்ந்த மண்ணில் பல ஆண்டுகள் கிடந்தும் ஈரம் பட்டால் உயிர்க்கும். ஆக, எங்கிருந்து வருகின்றன என்று கேட்டீர்களே, எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயே இருக்கின்றன.

சார்லஸ் டார்வின் இதை ஒரு சிறிய சோதனையால் காட்டினார். ஒரு பிப்ரவரி மாதத்தில் சிறு குட்டை ஒன்றின் விளிம்பில், நீருக்கடியில் மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்தார். உலர்ந்தபோது அதன் எடை சுமார் 190 கிராம் மட்டுமே. அதை மூடித் தம் அறையில் 6 மாதம் வைத்து, முளைக்க முளைக்க ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள். ஒரு கோப்பையில் அடங்கும் சேறு அது. நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டும் சேறு எத்தனை விதைகளைச் சுமந்து செல்லக்கூடும் என்பதை அறியவே அவர் இதைச் செய்தார்.

மூன்றடி வழித்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். உயிருள்ள விதைகளில் பெரும்பகுதி மேல்மண்ணின் சில அங்குலங்களில்தான் கிடக்கிறது. அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால், பல பத்தாண்டுச் சேமிப்பு ஒரு வாரத்தில் போய்விடும். வெள்ளமும் பறவைகளும் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவரும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு ஏற்ற சாய்வு அங்கே இருக்க வேண்டும். ஒரே சீராக வெட்டிய ஏரியில் அதுவும் இருக்காது.

பதில் 2: கறவைமாடு வளர்ப்பவர்

பெரியவர்கள் சொன்ன "ஏரியின் தோல்" என்ற சொல்லை நானும் என் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன், ஆகையால் எழுதுகிறேன். பங்குனி, சித்திரையில் வயல்வரப்பெல்லாம் காய்ந்து, வைக்கோலும் தீரும் தறுவாயில், எங்கள் மாடுகளுக்குப் பச்சை என்று கிடைப்பது இந்த உள்வாய் மேய்ச்சல் மட்டுமே. மாடு எதை விரும்பித் தின்கிறது, எதை மூக்கால் ஒதுக்குகிறது என்பது மேய்ப்பவர்களுக்குத் தெரியும். கோரைத் தளிரையும் அறுகையும் நாக்கால் சுருட்டி இழுக்கும். கொட்டைக்கரந்தையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

எங்கள் பக்கத்து ஊர் ஏரியில் சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல ஒரே சீராக வெட்டினார்கள். பொக்லைன் இயந்திரம் இறங்கிய இடமெல்லாம் அடியில் இருந்த வெளிறிய கடுங்களி மேலே வந்துவிட்டது. முதல் கோடையில் அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. மறு ஆண்டிலிருந்து சீமைக்கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஏறிக்கொண்டன. இன்று அந்தப் பக்கம் மாட்டை ஓட்டவும் முடியாது, மனிதர் நுழையவும் முடியாது. தூர்வாரும் செலவைப்போல இன்னொரு செலவு அதை வெட்டி அகற்றவே வேண்டும்.

பதில் 3: பாசனப் பொறியாளர் (ஓய்வு)

முதல் இரண்டு பதில்களில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் தூர்வாருவதே தவறு என்ற எண்ணம் குழுவினருக்கு ஏற்பட்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களைச் சேர்க்கிறேன். வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்த ஏரிகள் நம் மாநிலத்தில் ஏராளம். கடைமடை வயலுக்கு மூன்றாவது தண்ணீர் கிடைக்காமல் கதிர் காய்வதைப் பார்த்தவர்களிடம், பூண்டுகளுக்காக ஏரியைத் தொடாதீர்கள் என்று சொல்ல முடியாது. 2017இல் குடிமராமத்துப் பணிகள் மீண்டும் தொடங்கப்பட்டதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் கேள்வி தூர்வாருவதா வேண்டாமா என்பதன்று. எங்கே வாருவது என்பதே. உங்கள் ஏரியின் குறுக்குவெட்டை மனத்தில் வரைந்து பாருங்கள். கரையடியில் பத்தடி, பன்னிரண்டடி ஆழம் இருந்தால், மேற்கு விளிம்பில் அரையடி, ஓரடிதான் இருக்கும். பரப்பில் பெரும்பங்கு ஆழமற்ற பகுதியாக இருந்தாலும், நீரின் பெரும்பங்கு கரையை ஒட்டியே நிற்கிறது. மேட்டுப் பக்கத்தில் மூன்றடி வெட்டினால் அகன்ற மெல்லிய நீர்ப்படலம்தான் கூடும். கோடை வெயிலில் அதில் கணிசமான பங்கு ஆவியாகிவிடும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டும் பள்ளத்து நீரோ வாய்க்காலில் பாயாது. கால்நடைகளுக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் பயன்படலாம், பாசனத்துக்கு இல்லை.

முற்காலத்தில் உழவர்கள் கோடையில் மாட்டு வண்டியில் வண்டல் எடுத்து வயலில் அடித்தபோது, ஆழமான இடத்துக் குழைவண்டலைத்தான் தேடிப் போனார்கள். மேட்டுப் பக்கத்து மணற்பாங்கான மண்ணை யாரும் எடுக்கவில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக, இங்கொரு குழியும் அங்கொரு குழியுமாக எடுத்ததால், எடுக்காத திட்டுகள் எப்போதும் நடுவே இருந்தன. இயந்திரம் வந்த பிறகு அந்த இடைவெளி இல்லாமல் போனதுதான் இன்றைய சிக்கல்.

இன்னொன்றையும் உங்கள் குழு கவனத்தில் கொள்ள வேண்டும். ஆழமில்லாத மேட்டுப் பக்கம்தான் ஆக்கிரமிப்புக்கு முதலில் ஆளாகிறது. கோடையில் அது காய்ந்த தரிசுபோலத் தோன்றுவதால், "இங்கே தண்ணீரே நிற்பதில்லை" என்று வாதிடுவது எளிது. செருப்படையும் ஆரையும் கோரையும் ஆண்டுதோறும் முளைக்கும் எல்லையைப் புகைப்படங்களோடு பதிந்து வைத்திருந்தால், அங்கே வெள்ளம் ஏறி நின்றது என்பதற்கு அது துணைச் சான்றாகும். நில அளவைக்கு மாற்றாக அது அமையாது. ஆனால் அளவைக் கல் பெயர்க்கப்பட்ட இடத்தில் எங்கே தேடுவது என்பதையாவது காட்டும்.

பதில் 4: ஈரநில ஆய்வு மாணவி

இப்படிப்பட்ட தாவரக் கூட்டங்களை ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் நெடுங்காலமாகத் தனி வகுப்பாகவே பிரித்து ஆராய்கிறார்கள். அந்த வகுப்புக்கு அவர்கள் வைத்த "ஐசோயெட்டோ-நானோஜன்சிட்டியா" என்ற நீண்ட பெயரில் முதலில் வரும் ஐசோயெட்டிஸ் நமக்கு அந்நியமன்று. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த ஐசோயெட்டிஸ் கோரமண்டலினா என்ற செடிக்கு 18ஆம் நூற்றாண்டில் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மகன் பெயரிட்டபோது, நம் சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே சூட்டினார். பார்வைக்கு வெங்காயத்தாள் கொத்துப்போல இருக்கும். பூக்காது, இலையடியில் வித்துகளைத் தாங்கும். மழைநீர் தேங்கும் சிறு குட்டைகளில் தோன்றி, நீர் வற்றியதும் மேலே அடையாளமே இல்லாமல் மறைந்து, கிழங்குபோன்ற அடித்தண்டு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். ஐயா எண்ணிய ஏழில் அது இருக்குமா என்று தெரியாது. மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஏரியின் விளிம்புக் குட்டைகளைத் தேடிப் பார்க்கலாம்.

செக் நாட்டின் திரேபோன் பகுதியில், பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட கெண்டை மீன் ஏரிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மீன் பிடிப்பதற்காக அவற்றின் நீரை வடிப்பார்கள். அடிச்சேறு காற்றுப் பட்டுத் தெளிவதற்காகச் சில கோடைகளில் வெறுமையாகவே விட்டுவைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அந்தச் சேற்றில் கோலியாந்தஸ் என்ற, சில சென்டிமீட்டர் உயரமே வளரும் புல் முளைக்கிறது. இன்று அது ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனங்களுள் ஒன்று. மனிதர் வெட்டிய ஏரியில், மனிதர் நீரை வடிக்கும் முறையை நம்பியே அந்தப் புல் நிலைத்திருக்கிறது. நம் ஏரிகளும் மனிதர் கட்டியவையே என்பதால், இயற்கையான ஈரநிலம் இல்லை என்று சொல்லி இந்தப் பூண்டுகளை ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மேய்ச்சல் பற்றியும் ஒரு பாடம் உண்டு. இராஜஸ்தானில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் பறவைகள் காப்பிடத்தில் 1982இல் எருமை மேய்ச்சல் முற்றிலுமாக நிறுத்தப்பட்டது. பறவைகளின் நன்மைக்காகவே எடுத்த முடிவு அது. ஆனால் எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த பாஸ்பாலம் என்ற படர்புல் ஆழமற்ற நீர்ப்பரப்பை மூடிக்கொண்டு அடர்ந்தது. நீர்ப்பறவைகள் உலவும் திறந்த இடம் குறைந்தது. ஆகவே மேற்குப் பக்கத்தைக் காப்பதாகச் சொல்லி வேலி போட்டு மாடுகளைத் தடுக்க வேண்டாம். மாடுகள் கடித்துக் குட்டையாக வைத்திருக்கும் தரையில்தான் உள்ளான்கள் இரை பொறுக்கும். அதே தரை காய்ந்த பிறகு ஆள்காட்டி முட்டையிடும்.

மீண்டும்: செங்கை ஏரிப்பாசனத்தார்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றைய குழுக் கூட்டத்தில் பொறியாளர் ஐயா சொன்ன குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். வாதம் அதோடு பெருமளவு அடங்கிவிட்டது. மதகிலிருந்து முந்நூறு அடிக்குள் மட்டும் வண்டல் எடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். ஆனால் வரத்துக்கால் முகத்துவாரத்தில் மேடிட்ட மண்ணை அகற்றாவிட்டால் நீர் ஏரிக்குள் வராது. அந்த இடம் பூண்டுகள் அடர்ந்திருக்கும் பகுதிக்கு நடுவில்தான் இருக்கிறது. அங்கே என்ன செய்வது? இந்தச் சேற்றில் விதை இருக்கிறது என்பதை நம்பாதவர்களுக்குக் காட்ட எளிய வழி ஏதும் உண்டா?

பதில் 5: தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு)

முகத்துவாரத்தை வெட்டத்தான் வேண்டும். வெட்டுவதற்கு முன் மேலே உள்ள நாலைந்து அங்குல மண்ணைத் தனியே வழித்து, பக்கத்தில் மேடாகக் குவிக்காமல் தாழ்வாகப் பரப்பி வையுங்கள். உயரமாகக் குவித்தால் அடியில் உள்ளவை வெந்து போகும். ஆழம் வெட்டி முடித்த பிறகு, கால்வாயின் இரு சரிவுகளிலும் அதே மண்ணைத் திரும்பப் பரப்பிவிடுங்கள். சரிவு செங்குத்தாக இல்லாமல், ஆடு தயங்காமல் இறங்கும் அளவுக்குப் படிவாக இருக்கட்டும். வேலையைச் சித்திரை நடுவுக்கு மேல் தொடங்கினால், இந்த ஆண்டுச் செடிகள் விதை உதிர்த்து முடித்திருக்கும். வெட்டிய மண்ணை உள்வாயிலேயே கொட்டி மரக்கன்று நடும் யோசனை யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்; மரம் கரைக்கு வெளியே வளரட்டும்.

நம்பாதவர்களுக்கு டார்வின் செய்ததையே செய்து காட்டலாம். மேற்குப் பக்கத்தில் மூன்று இடங்களில் மேல்மண் ஒவ்வொரு கைப்பிடி, மூன்றடி ஆழத்து மண் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, தனித்தனியாக இரண்டு பழைய தட்டுகளில் விரலகலக் கனத்துக்குப் பரப்புங்கள். காலை வெயில் படும் திண்ணையில் வைத்து, மண் காயாமலும் நீர் தேங்காமலும் தினமும் தெளித்து வாருங்கள். மேல்மண்ணில் இன்னொரு பங்கை மூன்றாவது தட்டில் இரண்டு அங்குல நீருக்கடியில் வையுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் முதல் தட்டு பச்சையாக இருக்கும். ஆழத்து மண்ணில் ஒன்றிரண்டு முளைத்தால் அதிகம். மூன்றாவது தட்டில் ஏதும் முளைக்காது அல்லது மிகக் குறைவாக முளைக்கும். பிறகு எல்லோரும் பார்க்க மூன்றாவது தட்டின் நீரை மட்டும் வடித்துவிட்டு, இன்னும் பத்து நாள் பொறுத்திருங்கள்.

எண்ணும்போது முளைத்த ஒவ்வொன்றையும் பிடுங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாதவற்றுக்கு எண் கொடுத்தால் போதும். அந்த ஏழு வகைகளையும் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி வையுங்கள். வைகாசியில் நான் அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. உருப்பெருக்கியோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.